எட்டாம் பானை

வட்டக்கச்சியில் அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த பிறகும் மழை விடவில்லை. கதிர்காமநாதனின் மூன்று ஏக்கர் வயலும் கதிர் பாதி வெளியே தள்ளி நின்றது. பூக்கிற நேரம் பெய்கிற மழை பூவைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று குடியேற்றக் கொலனி முழுவதும் வானத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதனுக்கு அதற்கும் நேரமில்லை. கோடிப்புறத்துக் கொட்டிலுக்குள் அயல்காணிக்காரன் ஏரம்புவோடு குந்தியிருந்து, ஈரச்சாக்கைப் பிரித்து, முளைவிட்ட குரக்கன் தானியத்தை அள்ளி மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தான்.

“இன்னும் ஒரு நாள் விட்டா முளை பச்சையாப் போயிடும். இண்டைக்கே காயப்போடவேணும்.”

“வெயில் எங்கை அண்ணை? மூண்டு நாளாச் சூரியனைக் கண்டனீங்களே?”

“குசினிப் பரணிலை பரவிவிட்டா அடுப்புச் சூட்டிலை காஞ்சிடும்.”

“அக்கா விடுவாவே?”

கதிர்காமநாதன் கொப்பியைத் திறந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற கொப்பி. ஒரு பானைக்கு ஒரு பக்கம். எத்தனை நாள் முளை, எவ்வளவு வேப்பம்பூ, பானை வாயில் நுரை எந்த நாள் எழும்பியது, எந்த நாள் அடங்கியது எல்லாம் அதில் இருந்தன. வயலில் எப்போது பசளை போட்டான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

“எட்டாம் பானை போட முதல் ஏழாம் பானை ஏன் புளிச்சுக் கெட்டதெண்டு தெரியவேணும்.”

“துணி விலகியிருக்கும்.”

“துணியைக் கட்டினது நான். அது விலகாது. நீ திறந்து பாத்தனி.”

“ஒரேயொருக்கால்தான்.”

“கை கழுவிப்போட்டோ?”

ஏரம்பு தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். “சரி, எழுதுங்கோ. ஏரம்பு கை கழுவேல்லை எண்டு எழுதுங்கோ. நாளைக்குச் செத்தாலும் என்ரை பேர் கொப்பியிலை கிடக்கும்.”

கதிர்காமநாதன் சிரிக்காமல் எழுதினான்.

“எட்டுக்கு வேப்பம்பூ ஒரு பிடி. ஆறாம் பானைக்கு மூண்டு பிடி போட்டது பிழை. குடிச்ச ஆக்கள் கசாயம் குடிச்ச மாதிரி முகத்தைச் சுளிச்சவை. ஒன்பதுக்குப் புது நெல்லு. மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பொன்னிறமா வறுத்து, குரக்கனோடை பாதிக்குப் பாதி.”

“எட்டே இன்னும் சாக்குக்குள்ளை கிடக்கு. அதுக்குள்ளை ஒன்பதே?”

“பத்தும் யோசிச்சு வைச்சிருக்கிறன். தோடம்பழத் தோல்.”

“பியருக்குள்ளை தோடம்பழத் தோலே? விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை.”

“உனக்கென்னடா தெரியும்?”

“இஞ்சேருங்கோ, சோறு போட்டாச்சு,” என்று குசினிக்குள் இருந்து மனைவி நாகேஸ்வரியின் குரல் வந்தது. குளத்து விராலைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதன் வாசம் கொட்டில்வரை வந்தது.

“வாறன்,” என்றான்.

அவன் வாயில் இருந்து அந்த வீட்டில் அதிகம் வந்த சொல் அதுதான். சொல்வதற்குச் சுணக்கமே இருக்காது. வருவதுதான் பிந்தும். நாகேஸ்வரி மூன்று தரம் கூப்பிட்டாள். பிறகு அவனுடைய சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுத் தனியே சாப்பிட்டாள். கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒரு மனுசனும் பானையடியில் இருந்தால் சோற்றுக்கு முன்னால் யாரோடு கதைப்பது?

கதிர்காமநாதன் மலைநாட்டில் ஒரு பியர் ஆலையில் பத்து வருடம் சாமான் அறைக் கிளாக்கராக இருந்தவன். சாக்கு நிறுப்பதும் போத்தல் மூடி எண்ணிக் கொடுப்பதும்தான் வேலை. பியர் காய்ச்சுகிற பக்கம் அவனை யாரும் அண்டவிட்டதில்லை. அண்டவிடாத இடத்தில்தானே மனுசனுக்கு ஆசை வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொட்டி வேலைக்காரரோடு போய் இருந்து, வாயைக் கிண்டிக் கிண்டி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தான். வேலையை விட்டு வருகிற அன்று அவர்களில் ஒருவர் ஒரு மருந்துப் போத்தலில் தொட்டியின் அடி மண்டியை ஊற்றிக் கொடுத்தார். பியரைப் புளிக்கவைத்து நுரைக்கச் செய்வது அந்த மண்டிதான். அது செத்தால் பானையில் இருப்பது வெறும் குரக்கன் கஞ்சி.

ரயிலில் கிளிநொச்சிவரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வெடித்துவிடாமல் ஒவ்வொரு ஸ்டேசனிலும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினான். பக்கத்தில் நாகேஸ்வரி காணிப் பேர்மிற்றைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிப் பிடித்தபடி இருந்தாள். கொலனியில் காணி கேட்டு மனு எழுதியவள் அவள். எஸ்.எஸ்.சி.வரை படித்தவள், முத்து முத்தான எழுத்து. காணி கிடைத்தது அந்த எழுத்தால்தான் என்று கதிர்காமநாதனே பலரிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அந்த வீதியில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள்.

வந்து மூன்று வருடம் ஆகியும் அந்த மண்டி உயிரோடு இருந்தது. ஒரு பானை முடிந்ததும் அடியில் கிடப்பதை எடுத்து வைத்து அடுத்த பானைக்கு விடுவான். பானை போடாத நாட்களில் பனங்கட்டித் தண்ணீர் கரைத்து ஊட்டுவான். “பிள்ளைக்குப் பால் பருக்கிற மாதிரி,” என்று நாகேஸ்வரி ஒருநாள் சொன்னாள். சொன்ன பிறகு அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை கிராம அதிகாரியான விதானையார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாகேஸ்வரிக்குப் பெரியப்பா முறை. வழமையாக வந்தால் தேத்தண்ணீர் கேட்டுக் கதிரையில் சாய்ந்து ஊர்க்கதை எல்லாம் கதைக்கிறவர். அன்று இருக்கவே இல்லை.

“தம்பி, உம்மிலை பெட்டிசம் வந்திருக்கு.”

“என்னிலையோ? ஆர் எழுதினது?”

“மொட்டைப் பெட்டிசம். பேர் இல்லை. ‘ஊர் நலன் விரும்பி’ எண்டு கிடக்கு. நீர் வீட்டிலை சாராயச் சாமான் காய்ச்சிறீராம். போத்தில் எல்லாம் எங்கை தாட்டுக் கிடக்கு எண்டதுவரை எழுதியிருக்கு. முதல் பக்கம் வாசிக்கவே எனக்கு வேர்த்துப்போச்சு.”

“அது சாராயம் இல்லை மாமா, பியர். விக்கிறதுமில்லை.”

“சட்டத்துக்கு உந்தக் கதை எல்லாம் தெரியாது. நான் அதைக் காணிக் கந்தோருக்கு அனுப்பிப்போட்டன். வெள்ளிக்கிழமை காலமை கொலனி ஒபிசர் வாறார்.”

“அனுப்பிப்போட்டியளோ?” இதைக் கேட்டவள் நாகேஸ்வரி. தேத்தண்ணீர் மூக்குப்பேணியோடு முற்றத்துக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். “பெரியப்பா, எங்கடை விசயம்தானே? வந்து இவரை ஏசிப்போட்டு விட்டிருக்கலாமே!”

“எப்பிடிப் பிள்ளை விடுறது? எழுதினவன் ஆரெண்டு தெரிஞ்சாக் கூப்பிட்டுக் கதைச்சிருப்பன். முன்பின் தெரியாத எழுத்து. நான் உங்களுக்குச் சொந்தமெண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். மறைச்சு வைச்சா அடுத்த பெட்டிசம் என்ரை தலையிலை. எனக்கும் பென்சன் கிடக்கு.”

அவர் போய்விட்டார். நாகேஸ்வரி பேணியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாள்.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவள் அவள்தான்.

போன கிழமை ஒருநாள், நான்கு தரம் கூப்பிட்டும் வராத கோபத்தில் எழுதியது. பெரியப்பா வருவார், நாலு பேச்சுப் பேசுவார், இந்தக் கண்டறியாத பானையை உடைக்கச் சொல்லுவார், அதோடு முடியும் என்று நினைத்தாள். தன் எழுத்துப் பெரியப்பாவுக்குத் தெரியும் என்பதால் இடக்கையால் எழுதினாள். வலக்கையால் எழுதியிருந்தால் அவர் கடிதத்தை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு நேரே இங்கே வந்திருப்பார். அந்நிய எழுத்தாய் இருந்ததால்தான் பயந்து மேலே அனுப்பினார். காணியில் சட்டத்துக்கு மாறான தொழில் நடந்தால் அரசாங்கம் காணியைத் திருப்பி எடுக்கும் என்று பேர்மிற்றில் அச்சடித்துக் கிடந்தது. வலக்கையால் வாங்கிய காணியை இடக்கையால் போக்கடிக்கப் பார்த்துவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

செய்தி கேட்டு ஏரம்பு ஓடிவந்தான்.

“போத்திலைக் கொண்டுபோய் என்ரை வைக்கல் போருக்குள்ளை தாழ்ப்பம் அண்ணை.”

“உன்ரை காணியும் போறதுக்கோ?”

“அப்ப வாய்க்காலுக்குள்ளை...”

“ஊத்துங்கோ,” என்றாள் நாகேஸ்வரி. “ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் எல்லாத்தையும் ஊத்துங்கோ. காணி போனா எங்கை போறது? ஆரிட்டைப் போறது?”

கதிர்காமநாதன் அவளைப் பார்த்தான். அவள் அழுகிறாள் என்று கண்டதும் எழும்பினான்.

புதன்கிழமை பின்னேரம் தொடங்கி வியாழன் மத்தியானம்வரை அந்த வேலை நடந்தது. உமிக்குள் தாட்டிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாய்க் கிளறி எடுத்து வாழையடியில் ஊற்றினார்கள். பானையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். முளைக் குரக்கன் ஏரம்புவின் மாட்டுக்குப் போனது. கொப்பியை ஏரம்பு சாரத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கடைசியாக மருந்துப் போத்தல் மிஞ்சியது.

“உது சின்னப் போத்தில்தானே அண்ணை. மருந்தெண்டு சொல்லலாம்.”

“திறந்து மணந்தா என்ன சொல்லுறது?”

கதிர்காமநாதன் மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்து புஸ்ஸென்று சின்னச் சத்தம் வந்தது. கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு வாழையடியில் கவிழ்த்தான். கலங்கல் நிறத்தில் இருந்தது ஈரமண்ணில் இறங்கிப் போனது. போத்தலைக் கழுவி வெயிலே இல்லாத வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் போய் இருந்தான். வேலையை விட்ட அன்றுகூட அவனுக்கு இவ்வளவு துக்கம் வரவில்லை.

நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் அவனுக்கு ஒரு ஆறுதல் சொல்லியிருக்க முடியும். வாய்வரை வந்தது. சொன்னால் திரும்பவும் தொடங்கிவிடுவான் என்ற பயத்தில் விழுங்கிவிட்டு, நாளைக்கு வருகிற ஒபிசருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்று யோசிக்கப் போனாள். எதிரியாய் இருந்தாலும் காலமை வீட்டுக்கு வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. அரிசியை ஊறப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. எட்டு மணிக்கு ஒபிசர் விதானையாரோடு வந்தார். நடுத்தர வயது, மெல்லிய ஆள், அரைக் காற்சட்டை, சேறு அப்பிய சப்பாத்து. கொட்டிலைப் பார்த்தார். நெல்லுப் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். உமிக் குவியலைத் தடியால் கிளறினார். வாழையடியில் மட்டும் கொஞ்சநேரம் நின்றார். அங்கே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மூக்கைச் சுருக்கி முகர்ந்துவிட்டுக் கதிர்காமநாதனைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஏரம்பு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மாட்டுக்கு அந்த நேரம் அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஒபிசர் குசினிக்குள் குனிந்து பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய சட்டி ஒன்று இருந்தது.

“இது என்ன?”

“அப்பமா ஐயா. உங்களுக்குத்தான் புளிக்க வைச்சனான்.”

துணியை விலக்கிப் பார்த்தார். மா பொங்கிக் குமிழி குமிழியாய் நின்றது. துணியை மூடிவிட்டு முற்றத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்தார்.

“முறைப்பாட்டை உமக்கு வாசிச்சுக் காட்டவேணும். அதுதான் முறை. இடக்கையாலை எழுதியிருக்கு. எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு.”

வாசித்தார். முதல் பக்கம் முழுவதும் பானை, முளைக் குரக்கன், வேப்பம்பூ, உமிக்குள் தாட்ட போத்தல். கதிர்காமநாதனின் முகம் வெளிறிக்கொண்டே போனது. விதானையார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒபிசர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார்.

“‘மேலும் அறியத்தருவது. இவர் எந்நேரமும் பானையடியிலேயே இருப்பதால் இவருக்கு ஆக்கி வைக்கும் சோறு நாள்தோறும் ஆறிப்போகிறது. மூன்று வருடமாக ஒருநாளாவது கூப்பிட்டவுடன் வந்து, அடுப்பால் இறக்கிய சூட்டோடு இருந்து சாப்பிட்டது கிடையாது. ஆகையால் தாங்கள் இதனை விசாரித்து ஆவன செய்யும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், ஊர் நலன் விரும்பி.’”

ஏரம்பு சிரிக்க வாயெடுத்து, கதிர்காமநாதனின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். நாகேஸ்வரி குசினி வாசலில் தூணைப் பிடித்தபடி நின்றாள். கோபத்தில் அந்த வரிகளையும் எழுதியது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

ஒபிசர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு கடிதத்தை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தார்.

“தங்கச்சி, அப்பம் சுடுறீரோ?”

“ஓம் ஐயா.”

“எனக்கு ரெண்டு போதும். இவருக்கும் போடும்.” கதிர்காமநாதன் பக்கம் திரும்பினார். “தேடிப் பாத்தன், சாமான் ஒண்டும் இல்லை எண்டு எழுதுறன். காணிக்கு ஒண்டும் வராது. ஆனா வாழையடியிலை என்ன ஊத்தினது எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த முறை பெட்டிசம் வந்தா நான் வரமாட்டன். பொலிஸ்தான் வரும். விளங்குதோ?”

“விளங்குது ஐயா.”

“அப்ப இரும். இருந்து சூடாச் சாப்பிடும். இதுவும் முறைப்பாட்டிலை கிடக்கு.”

விதானையாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. “அடி பிள்ளை...” என்று தொடங்கி, ஒபிசர் இருப்பதால் மிச்சத்தை விழுங்கினார்.

அப்பம் வந்தது. ஓரம் முறுகி, நடுவில் தேங்காய்ப் பால் திரண்டு நின்ற அப்பம். சட்டியில் இருந்து நேரே கோப்பைக்கு வந்ததால் ஆவி பறந்தது. கதிர்காமநாதன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். இன்னொரு துண்டைப் பிய்த்து மூக்கடியில் பிடித்தான். பிறகு ஆறு அப்பம் சாப்பிட்டான்.

வந்தவர்கள் போன பிறகு நேரே குசினிக்குள் வந்து மாச்சட்டியின் துணியைத் தூக்கி முகர்ந்தான்.

“இது என்ரை மண்டி.”

“ஓம்.”

“எத்தினை நாளா?”

“ரெண்டு வரியமா. ஊரிலை எண்டா அப்பமாவுக்குக் கள்ளு விடுவம். இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? உங்கடை மூண்டாம் பானைக்கு அடியிலை கிடந்ததிலை ஒரு அகப்பை எடுத்து மாவிலை விட்டனான். பிறகு ஒவ்வொரு முறையும் பழைய மாவிலை கொஞ்சம் மிச்சம் பிடிச்சு அடுத்த மாவுக்கு விடுவன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கு.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“வாயிலை வைச்சாத் தெரியுமெண்டு இருந்தன். நீங்கள் எப்ப அப்பத்தைச் சூடாத் திண்டனீங்கள்? ஆறி இறுகின அப்பத்திலை என்ன வாசம் கிடக்கும்?”

கதிர்காமநாதன் அடுப்படியில் பலகையைப் போட்டு இருந்தான். தூரத்தில் இருந்து மடியில் கொண்டுவந்து வளர்த்த சாமான் தன் கோப்பையிலேயே கிழமைக்கு ஒருதரம் வந்து போயிருக்கிறது என்று நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நாகேஸ்வரி நெருப்பைத் தள்ளிவிட்டாள். தள்ள வேண்டிய தேவை இல்லை.

“அந்தப் பெட்டிசம் எழுதினது...”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“பின்பக்கம் வாசிக்கேக்கை. என்ரை சோறு ஆறினது இந்தக் கொலனியிலை வேறை ஆருக்குத் தெரியும்?”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “பெரியப்பா ஏசுவார் எண்டுதான் நினைச்சன். காணிவரைக்கும் போகுமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. போயிருந்தா என்ன செய்திருப்பம்?”

“போகேல்லைத்தானே. அழாதையும்.” பலகையை அவள் பக்கம் இழுத்து, “பிழை என்னிலைதான்,” என்றான். அதைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது என்று அவன் காதைத் தடவியதிலேயே தெரிந்தது.

வாசலில் ஏரம்பு செருமினான். சாரத்துக்குள் இருந்து கொப்பியை எடுத்து நீட்டினான். “பத்திரமாக் கிடக்கு அண்ணை. ஆனா மண்டி இல்லாமல் இந்தக் கொப்பியை வைச்சு என்ன செய்யிறது?”

இரண்டு பேரும் மாச்சட்டியைப் பார்த்தார்கள். ஏரம்புவும் பார்த்தான். குனிந்து முகர்ந்தான். அவன் முகம் விரிந்தது.

“அக்கா!”

“கையை எடும் முதல். கழுவினீரோ?” என்றாள் நாகேஸ்வரி. மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, எட்டாம் பானை என்று தலைப்பு மட்டும் போட்டிருந்த பக்கத்தைத் திறந்தாள். “இனி நான் சொல்லுறபடிதான். வெட்டுக்கு முதல் ஒண்டும் இல்லை. மாசி கடைசியிலை, நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு, ஒரேயொரு பானை. சின்னப் பானை. வீட்டுப் படலை தாண்டி ஒரு போத்திலும் போகக்கூடாது.”

“எனக்குமோ?” என்றான் ஏரம்பு.

“நீர் படலைக்கு உள்ளை வந்து குடியும்.”

“வேப்பம்பூ?” என்று கதிர்காமநாதன் மெதுவாகக் கேட்டான்.

“அரைப் பிடி. நான் அள்ளிப் போடுவன். உங்கடை பிடி பெரிய பிடி. பிறகு, நான் சாப்பிடக் கூப்பிட்டா...”

“வாறன்.”

“வாறன் இல்லை. எழும்பவேணும்.”

“எழும்புறன்.”

“இதுகளை எழுதி வைக்கவேணும்,” என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கதிர்காமநாதன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

“வலக்கையாலை எழுதும்,” என்றான்.